காட்டை அழிக்க மாட்டோம் என்று ஓர் ஆலை சொன்னால் எதைக் கேட்க வேண்டும்?

பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையைத் திறந்தால் இப்போதெல்லாம் இரண்டு உறுதிமொழிகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. எங்கள் பொருள்களுக்காக எந்தக் காடும் அழிக்கப்படாது என்பது ஒன்று. உயிர்ப்பன்மையை, அதாவது பல்லுயிர் வளத்தை, பாதுகாப்போம் என்பது மற்றொன்று. இதே காலத்தில், கீழ்ப்பழனி மலையில் காப்பி பயிரிடும் விவசாயியிடம் தோட்டம் இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். புள்ளியாகக் குறித்துத் தரச் சொல்கிறார்கள். குமரி மாவட்டத்து ரப்பர் விவசாயிக்கும் அதே கேள்வி வருகிறது. மேலூர் பக்கம் அரிட்டாபட்டியைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது, மக்கள் திரண்டார்கள், ஏலம் ரத்தானது. இவை தனித்தனிச் செய்திகள் போலத் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: ஒரு பொருளைச் செய்து விற்கிறவர், அதற்காக எங்கோ ஒரு நிலம் என்ன ஆகிறது என்பதற்கு எதுவரை பொறுப்பு?

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். அப்புறம் இந்த உறுதிமொழிகளுக்குள் என்ன இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது, மதுரை வட்டாரத்தில் யாருக்கு என்ன ஆகிறது என்று போகலாம்.

## காடு ஆலைக்குள் வரும் வழி

கப்பலூர் தொழிற்பேட்டையில் நிற்கும் ஓர் ஆலையைப் பார்த்தால், இதற்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும். சம்பந்தம் லாரியில் வந்து இறங்கும் மூலப்பொருளில் இருக்கிறது. உலகில் நடக்கும் காடழிப்பில் ஏறத்தாழ 90 சதவீதம், பயிர் நிலமும் மேய்ச்சல் நிலமும் விரிவதால் நடக்கிறது என்கிறது ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு. 2015 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சுமார் 1 கோடி ஹெக்டேர் காடு போனது என்பதும் அந்த அமைப்பின் கணக்கு. அந்த நிலங்களில் விளைகிற பாமாயில், ரப்பர், சோயா, கோகோ எல்லாம் ஏதோ ஓர் ஆலையின் வாசலுக்குத்தான் வந்து சேர்கின்றன.

டயரை எடுத்துக்கொள்வோம். மதுரைக்கும் மேலூருக்கும் இடையே பெரிய அளவில் டயர் உற்பத்தி நடக்கிறது. உலகில் விளையும் இயற்கை ரப்பரில் சுமார் 70 சதவீதம் டயருக்குப் போகிறது. இந்தியாவில் கேரளத்திலும் குமரியிலும் ரப்பர் விளைந்தாலும் அது நாட்டின் தேவைக்குப் போதவில்லை. மீதி தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டிலிருந்தும் வருகிறது. தென்கிழக்கு ஆசியாவில் 1993க்குப் பிறகு 40 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு ரப்பருக்காக அழிந்திருக்கிறது என்று 2023இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டது. அதுவரை சொல்லப்பட்டு வந்த அளவைவிட இது இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஆகவே டயர் உற்பத்தியாளர் ஒருவர் காடழிப்பு இல்லை என்று சொன்னால், அவர் பேசுவது தன் ஆலை வளாகத்து வேப்ப மரங்களைப் பற்றி இருக்க முடியாது. எல்லை கடந்து வரும் ரப்பர் மூட்டையைப் பற்றித்தான் அவர் பேசியாக வேண்டும்.

முறுக்கு, மிக்சர், சோப்பு தயாரிப்பவர்களுக்கு இதே கதை பாமாயிலில் நடக்கிறது. உலகிலேயே அதிகம் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அட்டைப்பெட்டிக்கும் அச்சுக்கும் கூழ்மரம், தீப்பெட்டிக்கு மென்மரம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கிளை காட்டுப் பக்கம் போகிறது.

எந்த அறிக்கையிலும் எளிதில் அகப்படாத ஒரு கிளையும் இருக்கிறது. அது விறகு. சாயப்பட்டறை, செங்கல் சூளை, நூற்பாலையின் கொதிகலன், பலகாரக் கூடம் என்று விறகு எரிக்கும் இடங்கள் நம் ஊரில் ஏராளம். விறகு மூலப்பொருள் பட்டியலில் வராது, எரிபொருள் செலவில் எழுதப்படும். விற்கும் பொருளுக்குள் அது இல்லை என்பதால் வாங்குகிறவரின் கேள்வித்தாளிலும் விட்டுப்போகும். இன்று எரிவதில் பெரும்பகுதி சீமைக் கருவேலம் என்றால் அந்நிய மரம்தானே, போகட்டும் என்று விடலாம். ஆனால் அதே லாரியில் மலையடிவாரத்து உசிலையும் வெள்வேலமும் வந்தால் அதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். உள்ளூர்க் காட்டைப் பொறுத்தவரை, இறக்குமதி ரப்பரைவிட இந்த விறகு லாரிதான் உடனடியான கேள்வி.

## எந்த நிலம் காடு?

உறுதிமொழியின் பொருள் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. ஒரே நிலம் ஒரு கணக்கில் காடு, இன்னொரு கணக்கில் வெற்று நிலம்.

உணவு, வேளாண் அமைப்பின் வரையறைப்படி காடு என்பது அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு. அதில் 5 மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மரங்கள் வேண்டும். மரக்கவிகை, அதாவது மேலிருந்து பார்த்தால் கிளையும் இலையும் மூடியிருக்கும் பரப்பு, 10 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். எண்ணெய்ப்பனை, பழமரம் போன்ற வேளாண் தோட்டங்கள் இதில் சேராது. காடழிப்பைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த சட்டமும் (அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்) பல நிறுவனங்களின் கொள்கைகளும் பெரும்பாலும் இதைத்தான் பின்பற்றுகின்றன.

இந்திய வன அளவைத் துறை வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு ஹெக்டேர் பரப்பும் 10 சதவீதக் கவிகையும் இருந்தால் போதும், நிலம் யாருடையது, என்ன மரம் என்று பார்க்காமல் வனப்பரப்பில் சேர்த்துவிடும். தென்னந்தோப்பும் யூகலிப்டஸ் தோப்பும் அதில் அடங்கும். தமிழ்நாட்டின் பரப்பில் சுமார் 20 சதவீதம் வனப்பரப்பு என்று படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சட்டத்தின் பார்வை. கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அகராதிப் பொருளில் காடு என்று சொல்லத்தக்க எந்த நிலமும், பட்டா யார் பெயரில் இருந்தாலும், 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் என்றது. 2023இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, எந்த நிலங்களுக்கு அது பொருந்தும் என்பது மறுபடி விவாதமாகியிருக்கிறது.

சரி, இந்த மூன்றிலும் நழுவிப் போகிறவை எவை? மதுரை வட்டாரத்தின் இயற்கையில் பாதி அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. மேலூர்ப் பக்கத்துப் பாறைக் குன்றுகள், முட்புதர்க் காடுகள், ஊர்ப் பொதுவில் இருக்கும் மேய்ச்சல் நிலங்கள், கண்மாய்கள், கொடைக்கானலின் புல்வெளிகள். கவிகை அடர்த்தி குறைந்த முள்காடுகளிலும் தேவாங்கும் எறும்புதின்னியும் வாழ்கின்றன. அதன் அருமை தெரிந்துதான் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் கடவூர் மலைப் பகுதியை 2022இல் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று நாட்டிலேயே அதுதான் முதல் சரணாலயம். பெரிய மரங்கள் அடர்ந்த பசுமைக் காட்டை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய உறுதிமொழி இப்படிப்பட்ட இடங்களைக் கவனிக்காது.

## அரிட்டாபட்டி காட்டும் ஓட்டை

இதைப் புரிந்துகொள்ள அரிட்டாபட்டியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் பரப்பை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உயிர்ப்பன்மைப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், அவற்றிலிருந்து கசியும் ஏராளமான ஊற்றுகள், ஏரிகள். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லி கழுகு உட்பட ஏறக்குறைய 250 வகைப் பறவைகள். பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் அதே பாறைகளில் இருக்கின்றன. குன்றில் விழும் மழை ஊற்றாகி, ஓடையாகி, கீழே கண்மாய்க்கும் வயலுக்கும் வருகிறது. ஊர்க்காரர்கள் இந்தக் குன்றுகளைக் காக்க நின்றதில் பறவையும் கோயிலும் தண்ணீரும் சேர்ந்தே இருந்தன.

2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் சுமார் 2,015 ஹெக்டேருக்கு ஒன்றிய அரசு நடத்திய ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானது. பாரம்பரியத் தலமும் அந்தத் தொகுதிக்குள் வந்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் மதுரையை நோக்கித் திரளாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டங்ஸ்டன் வெட்டுக் கருவிகளுக்கும் கடினமான உலோகக் கலவைகளுக்கும் வேண்டிய உலோகம். அதை வாங்கிக் கருவி செய்யும் ஓர் உற்பத்தியாளர், காடழிப்பே இல்லாத நிறுவனம் நாங்கள் என்று அறிவித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரிட்டாபட்டிக் குன்று வெட்டப்பட்டிருந்தால் அவருடைய உறுதிமொழி மீறப்பட்டிருக்குமா? பெரும்பாலும் இருக்காது. காரணங்கள்:

1. பாறையும் புதருமான குன்றின் பெரும்பகுதி, கவிகைக் கணக்கில் காடாகவே தேறாது.

2. ஐரோப்பிய சட்டத்தில் காடழிப்பு என்பது காட்டை வேளாண் நிலமாக மாற்றுவதை மட்டுமே குறிக்கிறது. சுரங்கம் அந்த வரையறைக்குள் வராது.

3. அந்தச் சட்டம் கவனிக்கும் பொருள்கள் ஏழுதான்: மாடு, கோகோ, காப்பி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம். தாதுக்கள் அதில் இல்லை. தேயிலையும் கரும்பும்கூட இல்லை. மேகமலையின் சரிவுகள் பலவும் தேயிலையாக இருப்பதை நினைத்தால் இந்த விடுபாடு நமக்குச் சிறியதாகத் தெரியாது.

ஆகவே காடழிப்பு பற்றிய உறுதிமொழியும் உயிர்ப்பன்மை பற்றிய உறுதிமொழியும் ஒன்றுக்கு ஒன்று பதிலாக நிற்க முடியாது. அறிக்கைகளில் இரண்டையும் ஒரே பத்தியில் சேர்த்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. அப்படி எழுதும்போது அளக்கக்கூடிய முதல் பாதி, அளக்கப்படாத இரண்டாம் பாதிக்கும் நற்பெயர் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. வாசகர் இரண்டையும் பிரித்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## உறுதிமொழிக்குள் என்ன இருக்க வேண்டும்

நல்ல உறுதிமொழியையும் வெறும் விளம்பரத்தையும் பிரித்துப் பார்க்கச் சில கூறுகள் போதும்.

1. தேதி. எந்த நாளுக்குப் பிறகு காடு அழிந்த நிலத்திலிருந்து வாங்க மாட்டோம் என்று சொல்ல வேண்டும். இதை வரம்புத் தேதி என்கிறார்கள். ஐரோப்பிய சட்டத்தில் அது 2020 டிசம்பர் 31. தேதி இல்லாத உறுதிமொழியில் போன மாதம் வெட்டிய காட்டையும் பழைய தோட்டம் என்று சொல்லிவிடலாம். தேதியைப் பின்னுக்குத் தள்ள முடியாது என்று ஆனால்தான், அவசர அவசரமாக வெட்டிவிட்டுப் பிறகு அனுமதி கேட்கும் ஆசை குறையும்.

2. மொத்தமா, நிகரமா? நிகரக் காடழிப்பு சுழியம் என்று எழுதியிருந்தால், இங்கே 100 ஹெக்டேர் அழிந்து வேறெங்கோ 100 ஹெக்டேரில் கன்று நட்டாலும் கணக்கு சரியாகிவிடும். நுகர்பொருள் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு ஒன்று 2010இல், 2020க்குள் நிகரக் காடழிப்பைச் சுழியமாக்குவோம் என்று அறிவித்தது. 2020 வந்தது, இலக்கு எட்டப்படவில்லை. 2014இன் நியூயார்க் பிரகடனமும் 2020க்குள் இயற்கைக் காட்டின் இழப்பைப் பாதியாகக் குறைப்பதாகச் சொன்னது, அதுவும் நடக்கவில்லை. இந்த இரண்டு தோல்விகளுக்குப் பிறகுதான் தன்னார்வ உறுதிமொழி போதாது, சட்டம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

3. எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகிறது? நேரடியாக விற்கும் வியாபாரியோடு நின்றுவிட்டால் உறுதிமொழிக்குப் பயன் இல்லை. ரப்பரில் இது மிகக் கடினம். உலக ரப்பரில் 85 சதவீதம் போலச் சிறு விவசாயிகள் விளைவிப்பது. ஒரு விவசாயியின் ஒட்டுப்பாலும் அடுத்தவரின் ஷீட்டும் சிறு வியாபாரியின் கிடங்கிலேயே கலந்துவிடுகின்றன. அங்கிருந்து பெரிய வியாபாரி, பதப்படுத்தும் ஆலை, ஏற்றுமதியாளர். டயர் ஆலைக்கு வரும்போது அது எந்தத் தோட்டத்தின் பால் என்று பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. ஒவ்வொரு கையிலும் பதிவு இருந்தால்தான் உண்டு.

4. கலப்பு அனுமதிக்கப்படுகிறதா? பாமாயில் சான்றிதழ்களில் பல படிகள் உண்டு. சான்று பெற்ற எண்ணெயைத் தனியாகவே வைத்துக் கொண்டுவருவது ஒரு படி. சான்று பெற்றதையும் பெறாததையும் கலந்து, அளவை மட்டும் கணக்கில் சரிசெய்வது இன்னொரு படி. இரண்டாவதில் உங்கள் பாட்டிலில் இருக்கும் எண்ணெய் காட்டை அழித்த தோட்டத்திலிருந்தும் வந்திருக்கலாம். மரம், காகிதத்தில் எஃப்.எஸ்.சி. (வனப் பொறுப்பாண்மை மன்றம்) முத்திரைக்கும் இதுபோல முழுச்சான்று, கலப்பு, மறுசுழற்சி என்று வகை உண்டு. முத்திரையின் கீழே சிறிய எழுத்தில் எது என்று போட்டிருக்கும்.

5. மீறினால் என்ன? வாங்குவதை நிறுத்துவோம் என்பது எளிய பதில். அழித்த இடத்தை மீட்க யார் பணம் தருவார்கள், பிழைப்பை இழந்த சிறு விவசாயிக்கு என்ன வழி என்பதற்கும் பதில் இருந்தால்தான் அந்த உறுதிமொழியை நம்பலாம்.

## ஐரோப்பிய சட்டம் தாண்டிக்குடிக்கு வந்தது எப்படி

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம் 2023 ஜூன் 29 அன்று அமலுக்கு வந்தது. மேலே சொன்ன ஏழு பொருள்களையும் அவற்றிலிருந்து செய்யப்படும் டயர், சாக்லேட், மரச்சாமான் போன்றவற்றையும் ஐரோப்பியச் சந்தையில் இறக்க வேண்டுமானால் இரண்டை நிரூபிக்க வேண்டும். வரம்புத் தேதிக்குப் பிறகு காடு அழிந்த நிலத்தில் அவை விளைந்திருக்கக் கூடாது. விளைந்த நாட்டின் சட்டங்களுக்கு உட்பட்டு விளைந்திருக்க வேண்டும். மீறினால் அபராதத்தின் உச்ச வரம்பு, அந்த நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈட்டும் ஆண்டு விற்றுமுதலில் குறைந்தது 4 சதவீதமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

கடமைகள் 2024 டிசம்பர் 30 அன்று தொடங்குவதாக இருந்தது. முதலில் ஓராண்டு தள்ளிப்போனது, பிறகு இன்னும் ஓராண்டு. இப்போது பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30. மிகச் சிறிய, சிறிய நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. இந்தத் தள்ளிப்போடல்தான் நம் ஊரில் குழப்பத்தைக் கூட்டியது. முன்கூட்டியே செலவு செய்து தயாரானவர் ஏமாந்ததாக நினைக்கிறார், தயாராகாதவர் தப்பித்ததாக நினைக்கிறார்.

இந்தியக் காப்பியின் பெரிய வாடிக்கையாளர்கள் இத்தாலி, ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகள். கீழ்ப்பழனியின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளையும் காப்பி, பட்டிவீரன்பட்டி வியாபாரம் வழியாக வெளியே போகிறது. அந்த மூட்டைக்கு வேண்டிய தகவல்கள் இவை:

- தோட்டம் 4 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 10 ஏக்கருக்கு, மேலே என்றால் எல்லைக்கோடு முழுவதையும் வரைபடமாகத் தர வேண்டும். அதற்குக் கீழே என்றால் ஒரு புள்ளி போதும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஆறு தசம இடங்கள் வரை.
- விளைந்த காலம், அளவு.
- நிலத்தின் மீது விவசாயிக்கு உள்ள உரிமைக்கான சான்று.

முதல் இரண்டையும் கைபேசியால் முடித்துவிடலாம். காப்பி வாரியமும் ரப்பர் வாரியமும் இதற்கென விவசாயிகளைப் பதிவு செய்து வருகின்றன. மூன்றாவதுதான் மலையில் இடிக்கும். தாத்தா பெயரில் இருக்கும் பட்டா, பாகம் பிரிக்காத நிலம், பல தலைமுறையாக உழுதும் தாள் கிடைக்காத பழங்குடியினரின் நிலம். இவர்கள் ஒரு மரத்தையும் வெட்டாதவர்களாக இருக்கலாம். வாங்குகிறவருக்கு அந்தச் சிக்கலில் இறங்குவதைவிட, தாள் சரியாக இருக்கும் பெரிய எஸ்டேட்டில் வாங்குவது சுலபம். காட்டைக் காக்க வந்த விதி, அதோடு ஒட்டி வாழ்ந்தவரைச் சந்தையிலிருந்து தள்ளிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கொடுக்க வேண்டிய உரிமைப் பத்திரங்களை விரைந்து கொடுப்பது, இந்த வகையில் ஏற்றுமதிக்கும் செய்யும் உதவி.

இந்தியாவை 2025 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் குறைந்த ஆபத்து உள்ள நாடுகளின் பட்டியலில் வைத்தது. இதனால் இறக்குமதியாளருக்குச் சோதனைச் சுமை குறைகிறது. அதிகாரிகள் ஆண்டுக்கு 1 சதவீத நிறுவனங்களைச் சரிபார்த்தால் போதும். நிலம் எங்கே என்று சொல்லும் கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த விதியால் தொட முடியாத ஒன்றும் அதே தோட்டத்தில் உண்டு. காப்பிக்கு நிழல் வேண்டும். அந்த நிழலைத் தருவது பலா, அத்தி போன்ற நாட்டு மரங்களாக இருந்தால் இருவாச்சி முதல் மலையணில் வரை பிழைக்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஆஸ்திரேலிய சில்வர் ஓக்கை வரிசையாக நட்டு மிளகு ஏற்றினால் வருமானம் கூடலாம், உயிர்கள் குறையும். இரண்டு தோட்டங்களும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே, இரண்டிலும் காடழிப்பு இல்லை. நாட்டு மர நிழலுக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் விலை என்று வாங்குகிற நிறுவனம் கொடுத்தால்தான் உயிர்ப்பன்மை உறுதிமொழிக்கு அங்கே உயிர் வரும்.

## மரம் நட்டால் சரியாகிவிடுமா?

உயிர்ப்பன்மை என்ற தலைப்பின் கீழ் நிறுவனங்கள் பெரும்பாலும் காட்டுவது மரக்கன்று எண்ணிக்கையை. இதைச் சந்தேகத்தோடு பார்க்கப் பழனி மலையே நமக்குப் போதிய காரணம் தருகிறது.

கொடைக்கானல் மேட்டுநிலம் இயல்பில் சோலையும் புல்வெளியும் கலந்தது. பள்ளங்களில் சோலைக்காடு, சரிவுகளில் புல். புல்வெளியை வீணான நிலம் என்று எண்ணி, தோல் பதனிடும் டானினுக்கும் கூழுக்கும் விறகுக்கும் என்று வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்களைக் கடந்த நூற்றாண்டில் ஏராளமாக நட்டார்கள். ஆலைகளுக்கு மூலப்பொருள் தருவதற்காக, நல்ல எண்ணத்தோடு, மரம் நட்டுச் செய்த மாற்றம் அது. வாட்டில் நட்ட இடத்தோடு நிற்காமல் தானாகவே பரவியது. 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மழை நீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடும் பஞ்சு போன்றது அந்தப் புல்வெளி. அங்கிருந்து இறங்கும் மஞ்சளாறு போன்ற ஓடைகள் வைகையில் சேர்கின்றன. அதாவது மலையுச்சியில் நட்ட தப்பான மரம், கீழே ஆற்றுத் தண்ணீரின் விஷயமாகிறது.

வனப்பரப்புக் கணக்கில் பார்த்தால் இது வளர்ச்சி. புல் இருந்த இடத்தில் மரம் வந்திருக்கிறது, கவிகை கூடியிருக்கிறது. உயிர்ப்பன்மை பற்றிய பன்னாட்டு அரசுகளின் அறிவியல் மன்றம் (IPBES) 2019இல் உயிரின இழப்புக்குச் சொன்ன ஐந்து முதன்மைக் காரணங்களில் நிலப் பயன்பாட்டு மாற்றமும் அந்நிய உயிரினப் பரவலும் உண்டு. பழனி மலையில் இரண்டும் சேர்ந்தே நடந்தன. தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றவும் இயல்சூழலை மீட்கவும் தனிக் கொள்கை வெளியிட்டதன் பின்னணியில் இதுபோன்ற பரவலும் உண்டு.

எனவே கன்று எண்ணிக்கையைப் படிக்கும்போது என்ன மரம், எந்த வகை நிலத்தில், முன்பு அங்கே என்ன இருந்தது, எத்தனை பிழைத்தன என்று கேட்க வேண்டும். கண்மாய்க்குள்ளும் மேய்ச்சல் புறம்போக்கிலும் நட்டிருந்தால் அது நன்மையா என்பதே சந்தேகம்.

## எங்கே பார்ப்பது

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பொறுப்புடைமை, நிலைத்தன்மை அறிக்கை ஒன்றை ஆண்டறிக்கையோடு தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் ஆறாம் கோட்பாடு சுற்றுச்சூழலுக்கானது. சரணாலயம், ஈரநிலம், உயிர்ப்பன்மை மிக்க இடம் போன்றவற்றுக்கு உள்ளேயோ அருகிலோ ஆலை இருக்கிறதா என்பது கட்டாயக் கேள்வி. அங்கே உயிர்ப்பன்மைக்கு ஏற்படும் பாதிப்பு என்ன, தடுக்க என்ன செய்தீர்கள் என்பது விருப்பக் கேள்வி. விருப்பப் பகுதியைக் காலியாக விட்டிருக்கிறார்களா என்று பார்த்தாலே நிறுவனத்தின் அக்கறை ஓரளவு தெரிந்துவிடும். பட்டியலிடாத சிறு, நடுத்தர ஆலைகளுக்கு இந்த அறிக்கை கிடையாது. நம் வட்டாரத்தில் அவைதான் அதிகம்.

அவர்களைக் கேள்வி கேட்க ஊர்மக்களிடம் வேறொரு வழி இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரின் மரம், மூலிகை, பறவை, மீன், நெல் வகை, அவற்றைப் பற்றி ஊராருக்குத் தெரிந்தவை அனைத்தையும் மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேட்டில் எழுதி வைப்பது அந்தக் குழுவின் கடமை. பல ஊர்களில் இது அலுவலக அலமாரியில் ஒரு தடிமனான கோப்பாக முடிந்துவிடுகிறது. எந்த ஊற்று எந்த மாதம் வரை கசிகிறது, எந்தக் கண்மாயில் எந்தப் பறவை கூடு கட்டுகிறது, எந்த ஓடைக்கரையில் என்ன மரம் என்று உண்மையாகவே எழுதப்பட்டிருந்தால், ஆலைக்கோ குவாரிக்கோ சுரங்கத்துக்கோ நிலம் தேடி வருகிறவர் முன்னால் அதை எடுத்து வைக்கலாம். அது வெறும் கரடு, வெறும் பொட்டல் என்ற பேச்சு அதற்கு மேல் எழாது.

அரிட்டாபட்டிக்குப் பக்கத்திலேயே, திண்டுக்கல் மாவட்டத்தின் காசம்பட்டியில், அழகர்மலைக் காட்டை ஒட்டிய வீரகோயில் காவு (தெய்வத்துக்கென விடப்பட்ட கோயில் காடு) சுமார் 5 ஹெக்டேர்தான். 2025இல் அதுவும் உயிர்ப்பன்மைப் பாரம்பரியத் தலமானது. அளவில் இவ்வளவு சிறிய இடமும் சட்டப்படி பெயர் பெற முடியும் என்றால், மதுரை, சிவகங்கை, தேனி மாவட்டங்களின் மற்ற காவுகளையும் குன்றுகளையும் பற்றி அந்தந்தக் கிராம சபைகள் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பத் தடை ஏதும் இல்லை. மூலப்பொருள் வாங்கும் ஆலைகள் அந்தப் பெயர்ப் பட்டியலைத் தங்கள் கொள்கையில் இடம் வாரியாகச் சேர்த்து, அங்கிருந்து கல்லோ மண்ணோ விறகோ வாங்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கலாம். அதற்கு ஐரோப்பாவின் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.